ரஷ் குழுவின் 'சிக்னல்ஸ்' ஆல்பத்தை முதல்முறை கேட்பது எப்படி?

கனடாவின் ரஷ் என்ற ராக் இசைக்குழுவில் இருந்தது மூன்றே பேர். 1982-இல் வந்த 'சிக்னல்ஸ்' ஆல்பத்தைக் கேட்டால் ஐந்தாறு பேர் வாசிப்பது போல இருக்கும். மொபைல் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், அடியில் உறுமும் ஒலி அதில் வரவே வராது. நல்ல ஹெட்ஃபோன் வேண்டும்.

முதல் பாட்டு 'சப்டிவிஷன்ஸ்'. ஆரம்பத்தில் கிதாரைத் தேட வேண்டாம், மின்னணு முறையில் ஒலி எழுப்பும் சிந்தசைசர் கீபோர்டுதான் முன்னால் நிற்கும். தொடையில் விரலால் தட்டி எண்ணிப் பாருங்கள். நான்கு நான்காக எண்ணினால் இடறும். ஏழு ஏழாக எண்ணினால் சரியாக வந்து உட்காரும். எனக்கு இது பிடிபட்ட அன்று அந்தத் தொடக்கத்தை மட்டுமே பத்துத் தடவை ஓட்டினேன்.

அப்புறம் அதே பாட்டில் கெடி லீயை மட்டும் பின்தொடருங்கள். பாட்டு, பேஸ் கிதார், கீபோர்டு எல்லாம் அவர்தான். மேடையில் இரண்டு கையும் கீபோர்டில் இருக்கும்போது, தரையில் வைத்த மூக் டாரஸ் பெடலைக் காலால் மிதித்துத் தாழ்ந்த சுரங்களைக் கொண்டுவருவார்.

மூன்றாவது தடவை அலெக்ஸ் லைஃப்சனின் கிதார். சிந்தசைசர் விட்டுவைத்த இடைவெளிகளில் அவர் வைக்கும் கார்டுகளை, அதாவது பல சுரங்களைச் சேர்த்து ஒன்றாக மீட்டுவதை, கவனியுங்கள். கிதார் குறைந்துவிட்டது என்று வருத்தப்படுபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை, இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

'லூசிங் இட்' பாட்டை இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பென் மிங்க் வாசித்த மின் வயலின் அதில் அழும். கடைசிப் பாட்டான 'கவுன்ட்டவுன்' 1981-இல் கொலம்பியா விண்கலம் கிளம்பியதைப் பற்றியது. அதை மட்டும் சத்தமாக வையுங்கள்.