சீரியல் கன்சோலில் வரி மடங்காத கோளாறு

சீரியல் கேபிள் வழியாக லினக்ஸ் சர்வரில் நுழைந்தால், நீளமான கட்டளை 80 எழுத்தைத் தாண்டியதும் அதே வரியின் தொடக்கத்துக்கே வந்து மேலேறி எழுதியது. விஐ என்ற உரைத்திருத்தியைத் திறந்தால் 24 வரிதான், மீதித் திரை காலி. நெட்வொர்க் வழியாக நுழையும் எஸ்எஸ்ஹெச்சில் எல்லாம் சரியாக இருந்தது, அதுதான் குழப்பியது.

டெர்மினலின் வகையைச் சொல்லும் டெர்ம் மாறியை விடி100, எக்ஸ்டெர்ம் என்று மாற்றியதில் நிறங்கள்தான் மாறின. கட்டளைகளை வாங்கி ஓட்டும் பாஷில், சன்னல் அளவைச் சரிபார்க்கும் செக்வின்சைஸ் அமைப்பைப் போட்டும் பயனில்லை.

அப்புறம் டெர்மினலின் வரி, பத்தி எண்ணிக்கையைக் காட்டும் 'எஸ்டிடிஒய் சைஸ்' கட்டளையைக் கேட்டால் பதில்: 0 0. சன்னலின் அளவை எஸ்எஸ்ஹெச் தானாகச் சொல்லிவிடும். சீரியல் கம்பியில் அதற்கு வழியே கிடையாது. லினக்ஸின் மையமான கெர்னலுக்கே தெரியாததை செக்வின்சைஸ் எங்கே போய்க் கேட்கும்? அளவு தெரியாதபோது 80 பத்தி, 24 வரி என்று நிரல்கள் வைத்துக்கொள்கின்றன.

'எஸ்டிடிஒய் ரோஸ் 50 கால்ஸ் 132' கொடுத்ததும் உடனே சரியானது. அப்பாடா! கையால் கொடுக்க வேண்டாமென்றால் எக்ஸ்டெர்ம் என்ற டெர்மினல் நிரலுடன் வரும் 'ரீசைஸ்' கட்டளை உண்டு. அது கர்சரை 999-ஆம் வரி, 999-ஆம் பத்திக்குத் தள்ளி, எங்கே நின்றது என்று டெர்மினலிடமே கேட்டு அளவைப் பதிக்கிறது. அழகான உத்தி.

உள்நுழையும்போது தானாக ஓடும் ப்ரொஃபைல் கோப்பில் அதைச் சேர்க்கும்போது, சீரியல் டிடிஒய் (சீரியல் வழி டெர்மினல் இணைப்பு) என்றால் மட்டும் ஓடும்படி நிபந்தனை போடுங்கள்.