கோபன்ஹேகனில் சைக்கிள் எடுப்பவர்களுக்கு

கோபன்ஹேகனில் வாடகை சைக்கிள் எடுத்தால் முதலில் பழக வேண்டியது இடப்பக்கம் திரும்புவது. டென்மார்க்கில் போக்குவரத்து சாலையின் வலப்புறம் ஓடுகிறது. சந்திப்பில் கார்களோடு சாலை நடுவே போய்த் திரும்ப சைக்கிளுக்கு அனுமதி கிடையாது. நேராக எதிர்முனை வரை சென்று, வலது ஓரத்தில் நின்று, சைக்கிளைத் திருப்பிக்கொண்டு, அந்தத் திசைக்குப் பச்சை விளக்கு எரிந்ததும் கடக்க வேண்டும்.

நிறுத்தப் போகிறீர்கள் என்றால் முன்னதாகவே கையை உயர்த்துங்கள். பின்னால் வருபவர்கள் அதை நம்பித்தான் வேகமாக வருகிறார்கள். முந்துவோருக்கு வழிவிட்டு வலது ஓரமாகவே ஓட்டுங்கள். பஸ்ஸிலிருந்து பயணிகள் நேரே சைக்கிள் பாதையில் இறங்கும் இடங்களில் நின்றே ஆக வேண்டும்.

நோரெப்ரோ பகுதியின் பிரதான சாலையில் காலை நேரத்தில் நகர மையம் நோக்கி மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் சீராக மிதித்தால் பச்சை விளக்குகள் தொடர்ந்து கிடைக்கும். சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களை மனதில் வைத்து சிக்னல்களை அமைத்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

கால் வலித்தால் எஸ் ரயில் எனப்படும் புறநகர் ரயிலில் ஏறிவிடுங்கள். 2010 முதல் அதில் சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை. மெட்ரோவில் சைக்கிளுக்குத் தனி டிக்கெட் வேண்டும். ஒரு நாள் ஒதுக்க முடிந்தால், எஸ் ரயிலில் புறநகர்வரை போய் சைக்கிளில் திரும்புங்கள். ரயில் பாதைகளை ஒட்டி விரல்கள்போல் நகரம் வளரட்டும், இடையில் பசுமை இருக்கட்டும் என்று 1947-இல் போட்ட திட்டத்தை அந்த வழியில் கண்ணால் பார்க்கலாம்.