வளைத்த தகடு வெல்டிங்கில் கோணிக்கொண்டது: என் அனுபவம்

எட்டடி உயரத்தில் வளைந்து நிற்கும் ஒரு இரும்புச் சிற்பம். 6 மி.மீ. தகட்டை ரோலிங் மிஷினில் (உருளைகளுக்கு நடுவே தகட்டை அழுத்தி வளைக்கிற மிஷின்) கொடுத்தால் கேட்ட வளைவு வந்துவிடும் என்றுதான் நினைத்தேன். உருளைகளுக்குள் இருக்கும்வரை சரியாக இருந்தது, வெளியே எடுத்ததும் விரிந்துகொண்டது. வேண்டிய வளைவுக்கு ப்ளைவுட்டில் அறுத்த அச்சை உள்ளே வைத்தால் இரண்டு ஓரத்திலும் விரல் நுழைகிற இடைவெளி. இரும்பு கொஞ்சம் திரும்பத்தான் செய்யும் என்பதால், அடுத்த தகட்டை வேண்டியதைவிடக் கூடுதலாகவே, ஒரே மூச்சில் இல்லாமல் நாலைந்து தடவையாக, ஒவ்வொரு தடவையும் அச்சு வைத்துப் பார்த்து வளைத்தோம். மூன்று உருளை மிஷினில் தகட்டின் முனைகள் வளையாமல் நேராகவே நிற்கும், அதற்கு இரு பக்கமும் அரையடி கூட விட்டு அப்புறம் அறுத்தோம்.

அதைவிடப் பெரிய தலைவலி வெல்டிங். மேலிருந்து கீழே ஒரே ஓட்டமாகப் போட்டதில் மூட்டு உள்வாங்கி, வெயிலில் பார்த்தால் பளபளவென்று ஒரு பள்ளம். கிரைண்டரில் அறுத்துப் பிரித்தேன். இந்த முறை பின்பக்கம் ஆங்கிள் (எல் வடிவ இரும்பு) துண்டுகளைக் குறுக்கே வைத்து டேக் (சின்னப் புள்ளி வெல்டிங்) போட்டுப் பிடித்து, ஆறு அங்குலம் போட்டு, தள்ளிப் போய் இன்னொரு ஆறு அங்குலம், நடுவில் ஆற விட்டு. ஒரு முழு நாள் போனது, பள்ளம் இல்லை.

அமெரிக்கச் சிற்பி ரிச்சர்ட் செர்ரா தன் ‘முறுக்கிய நீள்வட்டங்கள்’ என்ற இரும்புச் சிற்பங்களுக்கு மரச் சட்டத்தில் ஈயத்தகட்டைச் சுற்றி மாதிரி செய்து பார்த்த பிறகுதான் இரண்டு அங்குலக் கனத் தகட்டுக்குப் போனார். நான் அட்டையில்கூடச் செய்து பார்க்கவில்லை.