ஸ்டைவசன்ட் நுழைவுத் தேர்வு: பெற்றோர் கோட்டைவிடும் இடங்கள்

நியூயார்க்கின் ஸ்டைவசன்ட் உயர்நிலைப் பள்ளி 1904-ல் தொடங்கிய அரசுப் பள்ளி. கட்டணம் கிடையாது. ஆனால் எஸ்.எச்.எஸ்.ஏ.டி. என்ற நுழைவுத் தேர்வில் தேறாமல் உள்ளே போக முடியாது. பிராங்ஸ் சயின்ஸ், புரூக்ளின் டெக் உட்பட மொத்தம் எட்டுப் பள்ளிகளுக்கும் இதே தேர்வுதான். பிள்ளைகள் கணக்கில் விடும் பிழையைவிட, எந்தப் பள்ளி முதலில் வேண்டும், எது அடுத்தது என்று எழுதித் தரும் விருப்பப் பட்டியலில் பெற்றோர் செய்யும் பிழைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

"ஸ்டைவசன்ட்டை முதலில் எழுதி, அது கிடைக்காமல் போனால் டெக்கும் கைநழுவிவிடுமே" என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி நடக்காது. மதிப்பெண் வரிசைப்படி மேலிருந்து கீழே இடம் ஒதுக்குகிறார்கள். ஒரு பிள்ளையின் முறை வரும்போது, அவள் முதலில் எழுதிய பள்ளியில் இடம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்; இல்லாவிட்டால் இரண்டாவது, அப்புறம் மூன்றாவது. அவளைவிடக் குறைந்த மதிப்பெண் எடுத்தவர் டெக்கையே முதலில் எழுதியிருந்தாலும் அவளுக்குப் பின்னால்தான். மாறாக, பயந்துகொண்டு டெக்கை முதலிடத்தில் போட்ட பிள்ளை ஸ்டைவசன்ட்டுக்குப் போதுமான மதிப்பெண் வாங்கினாலும் டெக்தான் கிடைக்கும். மனதில் உள்ள வரிசையை அப்படியே எழுதுங்கள். போகவே முடியாத தூரத்தில் இருக்கும் பள்ளியைச் சும்மா சேர்க்க வேண்டாம். ஸ்டேட்டன் தீவிலிருந்து பிராங்ஸுக்குத் தினமும் படகும் ரயிலுமாக யார் போவது?

அடுத்தது, அக்கா படித்த பழைய புத்தகம். கலைந்த வாக்கியங்களை வரிசைப்படுத்தும் பகுதியும் தர்க்கக் கேள்விகளும் 2017-லேயே போய்விட்டன. 2025-ல் தேர்வும் கணினிக்கு மாறிவிட்டது. காசு மிச்சம்தான், ஆனால் வராத கேள்விக்காகப் பிள்ளையின் ஒரு மாதம் போய்விடும். அந்தந்த ஆண்டுக்கான கையேட்டை நகரக் கல்வித் துறை இலவசமாகவே தருகிறது. முதலில் அதைப் பாருங்கள்.

நீட் தேர்வைப் பார்த்துப் பழகிய நம்மவர்கள், தெரியாத கேள்வியை விட்டுவிடச் சொல்கிறார்கள். இங்கே தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது. ஆங்கிலத்தில் 57, கணக்கில் 57, ஆக 180 நிமிடத்தில் 114 கேள்விகள். ஒன்றைக்கூடக் காலியாக விடக் கூடாது.

பள்ளியில் எப்போதும் முதல் ரேங்க் என்பதும் இங்கே செல்லாது. 1971-ல் வந்த மாநிலச் சட்டப்படி ஸ்டைவசன்ட், பிராங்ஸ் சயின்ஸ், டெக் மூன்றிலும் இந்தத் தேர்வு மதிப்பெண் மட்டும்தான் பேசும். பரிந்துரைக் கடிதத்துக்கு அலைய வேண்டாம்.

அப்புறம், கால்குலேட்டர். தேர்வில் அனுமதி இல்லை. வீட்டுப் பயிற்சியிலோ, 24-ல் எட்டில் ஏழு பங்கு எவ்வளவு என்பதற்கே பல பிள்ளைகளின் கை செல்போனுக்குப் போகிறது. எட்டால் வகுத்தால் 3, ஏழால் பெருக்கினால் 21. இதற்குத் தாள்கூட வேண்டாம்.