ஒரு பேரவைக் காலத்தின் வேலூர் உறுப்பினர் பட்டியலைத் தயாரித்தல்

முதலில் எந்தப் பேரவை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். 2016 முதல் 2021 வரை நீடித்த பதினைந்தாவது சட்டமன்றத்தை எடுத்துக்கொள்வோம். தேர்தல் ஆணையத்தின் அறிக்கையிலிருந்து அன்றைய வேலூர் மாவட்டத்தின் 13 தொகுதிகளையும் வென்றவர்களையும் எழுதிக்கொண்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கும், ஏனெனில் பொதுத்தேர்தல் முடிவு ஐந்தாண்டு வரலாறு ஆகாது.

குடியாத்தத்தைப் பாருங்கள். அங்கு 2016-இல் வென்ற ஜெயந்தி பத்மநாபன் 2017-இல் தகுதி நீக்கம் செய்யப்பட்ட 18 உறுப்பினர்களுள் ஒருவர். 2019 இடைத்தேர்தலில் வென்ற காத்தவராயன் 2020 பிப்ரவரியில் காலமானார். அதன்பின் அடுத்த பொதுத்தேர்தல் வரை தொகுதி காலியாகவே இருந்தது. ஆகவே பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் பதவியின் தொடக்கம், முடிவு, காரணம் என்று மூன்று கட்டங்கள் அவசியம். ஆம்பூரும் சோளிங்கரும் இதே தகுதி நீக்கத்தால் இடைத்தேர்தலைச் சந்தித்தவை.

மாவட்டப் பெயரில் கவனம் தேவை. 2019-இல் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்கள் பிரிந்துவிட்டதால், இன்றைய வேலூரில் காட்பாடி, வேலூர், அணைக்கட்டு, கீழ்வைத்தினான்குப்பம், குடியாத்தம் ஆகிய ஐந்தே உள்ளன. வேலூர் பகுதி வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்த பழைய காலத்துக்குச் செல்வோர், 2008 தொகுதி மறுவரையறையில் மறைந்த பேரணாம்பட்டு போன்ற தொகுதிகளை இன்றைய பெயர்களோடு இணைத்துவிடாமல் தனியே குறிப்பதே முறை.