15 சென்டிமீட்டர் மாதிரி பின்னாமல் ஸ்வெட்டரில் கை வைக்காதீர்கள்: நிட்டிங், குரோஷேயில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு துணிப்பையோடு வந்து நின்றாள். உள்ளே ஒரு கார்டிகன். பின்பக்கம் முடிந்திருந்தது, முன்பக்கம் இரண்டும் முடிந்திருந்தன, கைகள் மட்டும் பாக்கி. அவள் ஊசி பிடிக்கக் கற்று ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆனாலும் கண்ணிகள் எல்லாம் ஒரே அளவில் அழகாக உட்கார்ந்திருந்தன.

"குண்டூசி குத்திப் போட்டுப் பார்த்தேன்க்கா. முன்னாடி சேரவே இல்ல."

"மாதிரித் துண்டு பின்னிப் பார்த்தியா?"

"நூல் லேபிள்ல 5 எம்எம் ஊசின்னு இருந்துச்சு, பேட்டர்ன்லயும் 5 எம்எம்தான். ரெண்டும் ஒண்ணுதானேன்னு விட்டுட்டேன்."

நானும் ஒரு காலத்தில் இதே பதிலைச் சொன்னவள்தான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் பட்டதையெல்லாம் புதிதாகக் கற்பவர்கள் வரிசையாகத் திரும்பப் படுகிறார்களே என்றுதான் இதை எழுதுகிறேன். கண்ணி நழுவுவது, நூலை இறுக்கிப் பிடிப்பது, நிட் கண்ணி போட வேண்டிய இடத்தில் அதன் மறுபக்கமான பர்ல் கண்ணி போடுவது போன்றவற்றைப் பற்றிச் சொல்லப்போவதில்லை. நாலு வாரம் பழகினால் கை தானாகத் திருந்திவிடும். தானாகத் திருந்தாதவற்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மாதிரித் துண்டைத் தாண்டிப் போவது

எந்த ஸ்வெட்டர் பேட்டர்னை எடுத்தாலும் தொடக்கத்திலேயே ஒரு வரி இருக்கும்: 10 சென்டிமீட்டருக்கு இத்தனை கண்ணி, இத்தனை வரிசை. இதைத்தான் கேஜ் என்கிறோம். சிலர் டென்ஷன் என்பார்கள். பேட்டர்னில் உள்ள எல்லா எண்களும் இந்த ஒரு வரியிலிருந்து கணக்குப் போட்டு வந்தவை. கீழே எழுதியிருக்கும் ஊசி அளவு, அதை வடிவமைத்தவர் கைக்கு அந்தக் கேஜைக் கொடுத்த ஊசி. உங்கள் கைக்கும் அதுவே கொடுக்கும் என்று யாரும் எழுதித் தரவில்லை. அதைத் தெரிந்துகொள்ள, அதே நூலில் முதலில் பின்னிப் பார்க்கும் சிறு துண்டுதான் மாதிரித் துண்டு.

அந்தக் கார்டிகனையே எடுத்துக்கொள்வோம். பேட்டர்ன் கேட்டது 10 சென்டிமீட்டருக்கு 18 கண்ணி. மார்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டர் என்றால் 162 கண்ணி. அவள் பின்னியதை மேஜையில் விரித்து அளந்தேன். 20 கண்ணி. அதே 162 கண்ணி அவள் கையில் 81 சென்டிமீட்டர்தான் வந்திருக்கிறது. 10 சென்டிமீட்டரில் இரண்டே கண்ணி கூடியதற்கு முழுச் சுற்றில் 9 சென்டிமீட்டர் காணாமல் போயிற்று. பிறகு எப்படி முன்னாடி சேரும்?

இந்தத் தவறைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. காரணம், அது எடுத்துக்கொள்வது நேரத்தை. நூலைப் பிரித்துத் திரும்பப் பயன்படுத்திக்கொள்ளலாம். வேலை, சமையல், பிள்ளைகள் பாடம், வீட்டுப் பெரியவர்களின் மருந்து என்று எல்லாம் முடிந்து, நமக்கென்று கிடைக்கிற அந்த அரை மணி நேரத்தைத் திரும்ப வாங்க முடியாது. "இருக்கிறதே கொஞ்ச நேரம், இதில் மாதிரி வேறு பின்னணுமா?" என்று கேட்கிறார்கள். இருக்கிறதே கொஞ்ச நேரம் என்பதால்தான் பின்னச் சொல்கிறேன்.

என் கதை இதைவிட மோசம், ஏனென்றால் நான் மாதிரி பின்னினேன். அப்பாவுக்கு ஒரு கருநீல ஸ்வெட்டர், 104 சென்டிமீட்டர் சுற்றளவு, 10 சென்டிமீட்டருக்கு 20 கண்ணி, மொத்தம் 208. வாஷிங் மெஷினில் போடலாம் என்று லேபிளில் எழுதியிருந்த சூப்பர்வாஷ் கம்பளி நூல். ஒரு தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய துண்டு பின்னி, ஊசியில் இருக்கும்போதே ஸ்கேல் வைத்து, 5 சென்டிமீட்டருக்கு 10 கண்ணி என்று எண்ணிக்கொண்டு ஆரம்பித்துவிட்டேன். நாலு மாதம். வீடு தூங்கிய பிறகு தினமும் அரை மணி. முடித்தபோது அளவு சரியாகத்தான் இருந்தது. துவைத்துக் காயப் போட்டேன். எடுத்துப் பார்த்தால் உடம்பு இரண்டு பேருக்குப் போதும்போல விரிந்திருந்தது, கைகள் விரல் நுனியைத் தாண்டித் தொங்கின. எண்ணிப் பார்த்தேன்: 10 சென்டிமீட்டருக்கு 18 கண்ணி. 208 கண்ணி 115 சென்டிமீட்டருக்கும் மேல் போய்விட்டது.

அப்பா கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டுப் போட்டுக்கொண்டார். "வீட்டுக்குள்ள போட்டுக்கறேம்மா" என்றார். அந்தக் குரலை நான் மறக்கவில்லை. அந்த ஸ்வெட்டரைப் பிரிக்கவும் எனக்கு மனசு வரவில்லை.

என்ன நடந்தது என்று பிறகுதான் புரிந்தது. கம்பளி இழையின் மேல் மீன் செதில்போல நுண்ணிய செதில்கள் உண்டு. வெந்நீரிலும் சோப்பிலும் கசக்கினால் அவை ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு துணி சுருங்கி அட்டைபோல் ஆகிவிடும். சூப்பர்வாஷ் நூலில் அந்தச் செதில்களை நீக்கியோ மேலே பூச்சு கொடுத்தோ வைத்திருப்பார்கள். அதனால் சுருங்காது. ஆனால் பிடிமானமும் போய்விடுகிறது, தண்ணீர் பட்டதும் கண்ணிகள் தளர்ந்து துணி விரிகிறது. பருத்தி நூலுக்கு வேறு குணம். கனம் அதிகம், மீள்தன்மை குறைவு, போடப் போட நீளத்தில் இறங்கும். துவைக்காத மாதிரித் துண்டில் இதில் எதுவுமே தெரியாது.

அதனால் மாதிரியை ஒழுங்காகப் பின்னுங்கள். அகலமும் உயரமும் 15 சென்டிமீட்டராவது இருக்கட்டும். 20 கண்ணி கேஜ் என்றால் குறைந்தது 30 கண்ணி போடுங்கள். ஓரக் கண்ணிகளும் முதல் சில வரிசைகளும் எப்போதும் உண்மையான அளவைக் காட்டாது, கை நிலைப்படக் கொஞ்சம் பின்னியாக வேண்டும். முடித்த உடுப்பை எப்படித் துவைக்கப்போகிறீர்களோ அப்படியே துவைத்து, இழுக்காமல் சமமாக விரித்துக் காயவிடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு நடுவில் 10 சென்டிமீட்டரை இரண்டு மூன்று இடத்தில் அளந்து எண்ணுங்கள். அரைக் கண்ணியையும் எண்ணுங்கள். 5 சென்டிமீட்டரில் அரைக் கண்ணியை விட்டால் 208 கண்ணியில் அது கிட்டத்தட்ட 5 சென்டிமீட்டர் பிழையாகும்.

கண்ணி அதிகமாக வந்தால் அரை மில்லிமீட்டர் தடித்த ஊசி, குறைவாக வந்தால் மெலிந்த ஊசி. கையை வேண்டுமென்றே தளர்த்தியோ இறுக்கியோ சரிசெய்யப் பார்க்காதீர்கள். பத்தாவது வரிசையில் கை தன் பழக்கத்துக்குத் திரும்பிவிடும். மூங்கில் ஊசியிலிருந்து உலோக ஊசிக்கு மாறினாலும் கேஜ் மாறக்கூடும், ஆகவே எந்த ஊசியில் உடுப்பைப் பின்னப்போகிறீர்களோ அதிலேயே மாதிரியும்.

வட்டமாகப் பின்னும் ஸ்வெட்டருக்கு முன்னும் பின்னும் திருப்பிப் பின்னிய மாதிரி போதாது. பலருக்கு நிட் வரிசை ஒரு இறுக்கம், பர்ல் வரிசை வேறு இறுக்கம். வட்டப் பின்னலில் பர்ல் வரிசையே வராதே. இருமுனை ஊசியில் ஒரு வரிசை நிட் போட்டு, திருப்பாமல் கண்ணிகளை மறுமுனைக்குத் தள்ளி, நூலைப் பின்னால் தாராளமாகத் தொங்கவிட்டு, மறுபடி நிட் வரிசை போடுங்கள். பார்க்க அலங்கோலமாக இருக்கும், அளவு உண்மையாக இருக்கும்.

குரோஷேக்கும் இதெல்லாம் பொருந்தும். அங்கே கண்ணியின் உயரம்தான் பெரும்பாலும் ஏமாற்றுகிறது. கொக்கியில் நூலை எடுத்து முதல் வளையத்தை எவ்வளவு தூக்குகிறோம் என்பது ஆளுக்கு ஆள் மாறும், கொக்கியை மாற்றினாலும் அது முழுதாகச் சரியாவதில்லை. அகலம் சரியாக வந்தாலும் வரிசைகளைத் தனியாக எண்ணிப் பாருங்கள்.

மஃப்ளருக்கும் போர்வைக்கும் மாதிரி வேண்டுமா என்று கேட்பார்கள். இரண்டு விரல்கடை கூடினால் யாருக்கும் நஷ்டமில்லை, நானே பல தடவை விட்டிருக்கிறேன். ஆனால் தளர்வாகப் பின்னினால் போர்வை பெரிதாகும், நூலும் கூடச் செலவாகும். கணக்காக வாங்கிய நூல் கடைசி இரண்டு வரிசைக்கு முன் தீர்ந்துபோகும்.

அந்தக் கார்டிகனை இருவரும் உட்கார்ந்து பிரித்தோம். நெளிநெளியாக வந்த நூலை நாற்காலி முதுகில் சிட்டமாகச் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, நனைத்துத் தொங்கவிட்டதும் நேராகிவிட்டது. பிறகு புது மாதிரி. 5.5 எம்எம் ஊசியில் 18 கண்ணி சரியாக வந்தது. இவ்வளவுக்கும் அவளுக்கு ஆனது இரண்டு சாயங்காலம்.

எண்ணை மட்டும் நம்பி ஊசி வாங்குவது

பழைய பிரிட்டிஷ் முறையில் எண் கூடக் கூட ஊசி மெலியும். அமெரிக்க முறையில் எண் கூடக் கூட ஊசி தடிக்கும். 8 என்பது முதலாவதில் 4 மில்லிமீட்டர், இரண்டாவதில் 5. பெட்டியில் என்ன எண் இருந்தாலும் மில்லிமீட்டரைப் பாருங்கள்.

குரோஷே பேட்டர்ன் எந்த நாட்டு முறை என்று பார்க்காதது

அமெரிக்க முறையில் சிங்கிள் குரோஷே என்பதை பிரிட்டிஷ் முறையில் டபுள் குரோஷே என்பார்கள். அமெரிக்க டபுள், பிரிட்டிஷ் ட்ரெபிள். பெயர் ஒன்று, கண்ணியின் உயரம் வேறு. பேட்டர்னில் எங்காவது சிங்கிள் குரோஷே என்று வந்தால் அது அமெரிக்க முறை, பிரிட்டிஷ் முறையில் அந்தப் பெயரில் கண்ணியே கிடையாது. ஒரு தொப்பியை இரண்டு தடவை பின்னிய பிறகுதான் எனக்கு இது தெரிந்தது.

குரோஷேயில் ஓரக் கண்ணியைத் தொலைப்பது

சதுரமாக ஆரம்பித்தது கோபுரமாக முடிகிறது என்று வருபவர்கள் எல்லோருக்கும் காரணம் ஒன்றுதான். அமெரிக்க டபுள் குரோஷேயில் வரிசை தொடக்கத்தில் போடும் மூன்று செயின், வழக்கமாக ஒரு கண்ணிக்குச் சமம். அடுத்த வரிசையின் கடைசிக் கண்ணியை அந்தச் செயினின் தலையில் போட வேண்டும். அது கண்ணிபோலவே தெரியாததால் பலர் விட்டுவிடுகிறார்கள், வரிசைக்கு ஒரு கண்ணி குறைகிறது. சிங்கிள் குரோஷேயில் போடும் ஒற்றைச் செயினைப் பொதுவாகக் கண்ணியாக எண்ணுவதில்லை, அங்கே முதல் கண்ணியிலேயே கொக்கியை விட வேண்டும். முதல் கண்ணியிலும் கடைசிக் கண்ணியிலும் ஒரு சேஃப்டி பின் மாட்டிவையுங்கள். இரண்டு வாரத்தில் கண் பழகிவிடும்.

டை லாட் எண்ணைப் பார்க்காமல் நூல் வாங்குவது

ஒரே தடவையில் சாயம் ஏற்றிய நூல்களுக்கு ஒரே டை லாட் எண் இருக்கும். எண் மாறினால் நிறமும் சற்று மாறும், பகலில் தெரியும்.

லேஸ் பின்னலில் லைஃப்லைன் போடாதது

பத்து வரிசைக்கு ஒரு தடவை, வேறு நிறத்தில் வழவழப்பான பருத்தி நூலை மொட்டை ஊசியில் கோத்து, ஊசியில் இருக்கும் எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் ஓட்டிவிடுங்கள். ஊசியில் அடையாளத்துக்கு மாட்டியிருக்கும் குறி வளையங்களுக்குள் ஓட்டிவிடாதீர்கள். தவறு நேர்ந்தால் அந்த நூல் வரை பயமில்லாமல் பிரிக்கலாம். லைஃப்லைன் இல்லாமல் 40 வரிசை லேஸை முழுதாக இழந்தவர் இன்றும் ஊசியைத் தொடாமல் இருக்கிறார், நல்ல கை அவருக்கு.

தப்பான வேலையைத் தப்பான இடத்துக்குக் கொண்டுபோவது

மருத்துவர் அறையின் வெளியே காத்திருக்கும்போது கட்டம் பார்த்துப் பின்னும் லேஸ் வேலை ஆகாது. பெயர் கூப்பிடுவார்கள் என்று காது அங்கேயே இருக்கும், கண்ணி விட்டுப்போகும். கையில் எப்போதும் இரண்டு வேலை வைத்திருங்கள். ஒன்று, வீட்டில் வெளிச்சத்தில் உட்கார்ந்து கவனமாகச் செய்வது. இன்னொன்று, பேசிக்கொண்டே கை தானாகப் பின்னுகிற சாதா மஃப்ளர் அல்லது சாக்ஸ்.

வரிசை நடுவில் எழுந்துபோக நேரும், அதைத் தவிர்க்க முடியாது. திரும்பி வந்து எந்தப் பக்கமாகப் பின்னினோம் என்று குழம்பினால், நூலுருண்டையிலிருந்து வரும் நூல் எந்த ஊசியில் தொங்குகிறதோ அதை வலது கையில் பிடியுங்கள். குரோஷேயாக இருந்தால் வளையத்தில் ஒரு சேஃப்டி பின் மாட்டிவிட்டு எழுந்திருங்கள். உயிரோடு இருப்பது அந்த ஒரே வளையம்தான், ஒரு குழந்தை நூலை இழுத்தால் போதும்.

முதல் வேலைக்கே கறுப்பு நூல்

வேண்டாம். கண்ணியே தெரியாது.

மணிக்கட்டு வலித்த பிறகும் "இந்த ஒரு வரிசை" என்பது

நிறுத்துங்கள்.

அக்ரிலிக் பின்னலில் சூடான இஸ்திரி வைப்பது

இழை உருகித் துவண்டுவிடும், எந்தத் துவைப்பிலும் திரும்ப வராது.

எதுவும் சொல்லாமல் பரிசு கொடுப்பது

ஒரு குழந்தைக்குக் கம்பளித் தொப்பி பின்னிக் கொடுத்தேன். சூப்பர்வாஷ் இல்லாத சாதாரணக் கம்பளி. அந்த வீட்டில் மற்றத் துணிகளோடு சேர்த்து வெந்நீரில் துவைத்துவிட்டார்கள். பொம்மைக்குப் போடும் அளவுக்குச் சுருங்கிவிட்டது. அவர்கள் மேல் தவறே இல்லை, சொல்லாதது நான். இப்போது எதைக் கொடுத்தாலும் ஒரு சீட்டில் என்ன நூல், எந்தத் தண்ணீர், எப்படிக் காயவைப்பது என்று எழுதி, பின்னால் எங்காவது அறுந்தால் தைத்துக்கொள்ள அதே நூலில் இரண்டு மீட்டர் சுற்றிவைக்கிறேன். மாதிரித் துண்டையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறேன். துவைக்கப் பயமாக இருப்பவர்கள் முதலில் அதைத் துவைத்துப் பார்த்துக்கொள்ளட்டும்.