லிங்கனின் கட்சி என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள்

அமெரிக்கத் தேர்தல் வந்தாலே ஒரு கேள்வி தவறாமல் தலைகாட்டும்: "அடிமை முறையை ஒழித்த லிங்கனின் கட்சி குடியரசுக் கட்சிதானே, கறுப்பின மக்கள் ஏன் ஜனநாயகக் கட்சிக்கு வாக்களிக்கிறார்கள்?" தகவல் சரி. 1860-இலிருந்து நேராக இன்றைக்குத் தாவுவதுதான் தவறு.

வடக்கும் தெற்கும் மோதிய உள்நாட்டுப் போருக்குப் பின் தென் மாநிலங்கள் பல தலைமுறைகள் ஜனநாயகக் கட்சியின் கோட்டையாக இருந்தன. கறுப்பின மக்களின் வாக்குரிமையை அங்கே பறித்ததும் அக்கட்சியினரே. 1930-களில் ஜனநாயகக் கட்சி அதிபர் ரூஸ்வெல்ட்டின் நிவாரணத் திட்டங்கள் வடக்கு நகரங்களின் கறுப்பின வாக்காளர்களை அதே கட்சியின் பக்கம் திருப்பின. ஒரே கூடாரத்துக்குள் இரு தரப்பும்! அது எத்தனை நாள் தாங்கும்? 1964-இல் அதே கட்சியின் அதிபர் ஜான்சன், இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் குடிமை உரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதை எதிர்த்து வாக்களித்த குடியரசுக் கட்சியின் கோல்ட்வாட்டர் அவ்வாண்டு அதிபர் தேர்தலில் படுதோல்வி கண்டார். அவர் வென்ற ஆறு மாநிலங்களில் ஐந்து ஆழ்தெற்கில் (Deep South) இருந்தவை.

இதைத் தெரிந்துகொண்டவர்கள் எதிர்த்திசையில் சறுக்குவதும் உண்டு: "1964-இல் கட்சிகள் இடம் மாறிக்கொண்டன." அப்படி ஒரே இரவில் எதுவும் நடக்கவில்லை. அந்தச் சட்டத்தை செனட்டில் குடியரசுக் கட்சியின் 33 பேரில் 27 பேர் ஆதரித்தார்கள். பிரதிநிதிகள் சபையில் தெற்கின் பெரும்பான்மை இடங்கள் அக்கட்சிக்குக் கிடைத்தது 1994 தேர்தலில்தான்.

உள்நாட்டுப் போரில் தெற்குக்காகப் போரிட்ட தளபதிகளின் சிலைகளை அகற்றலாமா என்ற விவகாரத்திலும் ஆண்டைப் பார்க்காமல் பேசக் கூடாது. தெற்கின் தளபதி லீ சரணடைந்தது 1865-இல். 2017-இல் வன்முறைக்குக் காரணமான சார்லட்ஸ்வில் நகரின் லீ சிலை திறக்கப்பட்டதோ 1924-இல், இனப்பிரிவினைச் சட்டங்கள் கோலோச்சிய காலத்தில். சிலை யாருடையது என்பதைவிட, யார் எப்போது வைத்தார்கள் என்பதே என் முதல் கேள்வியாக இருக்கும்.

உள்நாட்டுப் போர் மாநில உரிமைக்காகவே நடந்தது என்பவர்களுக்கு, தென் மாநிலமான மிசிசிப்பி நாட்டிலிருந்து பிரிவதற்கான காரணங்களைச் சொல்லி 1861-இல் வெளியிட்ட அறிக்கையே பதில். அடிமை முறைதான் காரணம் என்று அது ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது.

அரசியல் சாசனம் 1787-இலேயே எழுதி முடிந்துவிட்டதாக நினைப்பது இன்னொரு தவறு. அமெரிக்க மண்ணில் பிறந்தால் குடியுரிமை என்ற விதி, 1868-இன் 14-ஆம் திருத்தத்தில் வந்தது. அது சீனக் குடியேறிகளின் பிள்ளைக்கும் பொருந்தும் என்று வோங் கிம் ஆர்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1898-இல் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில் அந்த உரிமையைச் சுருக்கும் ஆணையில் டிரம்ப் கையெழுத்திட்டபோது, அதை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட, ஹெச்1பி விசாவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களையும் தொட்ட வழக்குகளின் வாதம் இந்தத் திருத்தத்தையும் தீர்ப்பையும் சுற்றித்தான் எழுந்தது.